பட்டறையில் பாதிப்பேர், பேச்சுவார்த்தையில் எத்தனை பேர்?

காவிரியின் ஒரு கரையில் ஈரோடு, மறுகரையில் பள்ளிபாளையம். நாமக்கல் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் இருக்கும் இந்த நகராட்சியில், ஆவாரங்காடு பக்கம் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் விசைத்தறிச் சத்தம் கூடவே வரும். வீட்டின் முன்பகுதியிலோ பின்கட்டிலோ நாலு தறி, எட்டுத் தறி. கொஞ்சம் வசதி உள்ளவர்களுக்குத் தனிப் பட்டறை. வெப்படைப் பக்கம் போனால் நூற்பாலைகள்.

இந்தத் தொழில் பெண்கள் இல்லாமல் ஒருநாள்கூட ஓடாது. தார் சுற்றுவது, அதாவது ஊடை நூலைச் சிறு குழலில் சுற்றுவது, பெரும்பாலும் அவர்கள் வேலை. தறியும் ஓட்டுகிறார்கள். கணவன் ஒரு ஷிஃப்ட், மனைவி ஒரு ஷிஃப்ட் என்று மாற்றி மாற்றி நிற்கும் குடும்பங்கள் உண்டு. பாவில் இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போடுவது, நாடாவில் தார் தீர்ந்தால் மாற்றுவது, இடையில் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவது எல்லாம் ஒரே ஆள்தான்.

ஆனால் தறி பழுதானால் வருகிற மெக்கானிக் ஆண். வேலை பிரித்துக்கொடுக்கும் மேஸ்திரி ஆண். முன்பணம் கொடுக்கும் பட்டறைக்காரர், நூல் கொடுத்துத் துணி வாங்கும் வியாபாரி, கூலி உயர்வுப் பேச்சுவார்த்தையில் மேசையின் இருபுறமும் உட்காருகிறவர்கள் என இவர்களும் பெரும்பாலும் ஆண்களே. உழைப்பில் பாதியாக இருப்பவர்கள், முடிவெடுக்கும் இடத்தில் கண்ணில் படுவதே அரிது.

இதே மாவட்டத்தின் தலைமை நாற்காலியைப் பார்த்தால் காட்சி வேறு. 2021இல் ஷ்ரேயா பி. சிங், 2023இல் ச. உமா, 2025இல் துர்கா மூர்த்தி என்று நாமக்கல்லுக்கு அடுத்தடுத்துப் பெண்களே ஆட்சியர்களாக வந்தார்கள். பக்கத்துச் சேலம் மாவட்டத்துக்கு 2017இல் பொறுப்பேற்ற ரோகிணி, வெள்ளைக்காரர் காலத்திலிருந்து ஆண்களே அமர்ந்திருந்த அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி, சூரியனை ஆராயச் சென்ற ஆதித்யா எல்-1 திட்டத்துக்கு இயக்குநராக இருந்தவர். சென்னையைச் சேர்ந்த வனிதா, சந்திரயான்-2 திட்டத்துக்கு இயக்குநராக இருந்தவர். இவர்கள் பெயரெல்லாம் பத்திரிகைகளில் வருகின்றன, பள்ளிக்கூட விழாக்களில் சொல்லப்படுகின்றன. சொல்லப்படவும் வேண்டும்.

ஆனால் படித்து, தேர்வெழுதி, படிப்படியாக மேலே போவது ஒரு வழிதான். தறி ஓட்டுகிற, நூற்பாலையில் நிற்கிற, தையல் மெஷின் முன்னால் குனிந்திருக்கிற பெண்ணுக்கு அந்தப் படிக்கட்டே கிடையாது. இருபது வருடம் வேலை செய்தாலும் அவர் மேஸ்திரி ஆவதில்லை. அப்படிப்பட்ட இடங்களில் பெண்கள் அதிகாரத்தை எப்படிக் கைக்கொண்டார்கள்? கடந்த அரை நூற்றாண்டில் இதற்கு இந்தியாவிலேயே, அதிலும் தமிழ்ப் பெண்களிடமே, அருமையான பதில்கள் இருக்கின்றன. நின்ற இடத்திலேயே நின்று, பக்கத்தில் நிற்பவளையும் சேர்த்துக்கொண்டு, எழுதி வைத்த விதியாக மாறும் வரை விடாமல் பேசியவர்களின் வரலாறு அது.

மூணாறு: ஒன்பது நாள்

2015 செப்டம்பர். கேரளத்தின் மூணாறில் கண்ணன் தேவன் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர், சில தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து மலையேறிய குடும்பங்களின் பெண்கள். அந்த ஆண்டு நிர்வாகம் 10 சதவீத போனஸ் என்று அறிவித்தது. 20 சதவீதம் வேண்டும் என்றார்கள் பெண்கள். அன்றைய தினக்கூலி 232 ரூபாய். அதை 500 ஆக்க வேண்டும் என்பதும் கோரிக்கை.

தோட்டத்தில் தொழிற்சங்கங்கள் இல்லாமல் இல்லை. பெரிய அரசியல் கட்சிகளின் சங்கங்கள் எல்லாம் இருந்தன. சந்தா கட்டியவர்களில் பெண்களே அதிகம், தலைவர்களோ ஆண்கள். கூலி பேசும்போது நிர்வாகத்தோடு ஒத்துப்போகிறார்கள், எங்கள் கஷ்டம் அவர்களுக்குத் தெரியவில்லை என்ற கோபம் பல வருடமாகப் புகைந்துகொண்டிருந்தது. அந்த செப்டம்பரில் ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறு ஊருக்குள் இறங்கிச் சாலையில் உட்கார்ந்தார்கள். கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலை நின்றது. சங்கத் தலைவர்கள் வந்தபோது, எங்களுக்காக நீங்கள் பேச வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். வீட்டு ஆண்கள்கூட ஓரமாகத்தான் நிற்க வேண்டியிருந்தது.

‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயர் அங்கேதான் பிறந்தது. லிசி சன்னி, கோமதி அகஸ்டின், இந்திராணி மணிகண்டன் என்று சிலர் முன்னால் நின்றார்கள். அவர்களும் கொழுந்து பறிக்கிறவர்களே. ஒன்பதாவது நாள் நிர்வாகம் இறங்கி வந்தது: 8.33 சதவீத போனஸும் 11.67 சதவீதக் கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதம். அடுத்த மாதம் கேரளத்தின் தோட்டத் தொழிலாளர் குழு, தேயிலைத் தோட்டக் கூலியை 301 ரூபாயாக உயர்த்தியது. அந்த ஆண்டின் உள்ளாட்சித் தேர்தலில் கோமதி வென்றார்.

பின்னால் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அமைப்புக்குள் பிளவு வந்தது. பழைய சங்கங்கள் மெல்ல மெல்லத் தங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஒன்பது நாள் வீதியில் இருந்த பலம், ஆண்டு முழுக்கத் தோட்டத்துக்குள் நிற்கும் அமைப்பாகத் திரளவில்லை. வென்றதை அடுத்த ஆண்டும் காப்பாற்ற, கூட்டம் மட்டும் போதாது. ஏழு ஆண்டுகள் கழித்து அதற்கு ஒரு வழி திண்டுக்கல்லில் கிடைத்தது.

திண்டுக்கல்: மெஷின் வரிசையிலேயே கண்காணிப்பு

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அதில் பெரும் பகுதி நூற்பாலைகளிலும் ஆயத்த ஆடை ஆலைகளிலும். நாமக்கல், ஈரோடு, திருப்பூர், கோவை, திண்டுக்கல் மாவட்டங்களில் ஆலை வேன்கள் விடியும் முன்பே கிராமங்களுக்குள் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். தைப்பவர்கள் பெண்கள், மேற்பார்வையாளர்கள் ஆண்கள். மணிக்கு இத்தனை உருப்படி என்று கணக்கு. கணக்குத் தவறினால் வசவு. சாதியைச் சொல்லித் திட்டுவதும் உண்டு, தொடக்கூடாத இடத்தில் தொடுவதும் உண்டு. கேட்டால் வேலை போகும். வீட்டில் சொன்னால் வேலைக்கு அனுப்ப மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் வாயைத் திறக்காமல் இருந்தவர்களே அதிகம்.

2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்தில் ஈஸ்ட்மேன் நிறுவனத்தின் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். அதே ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். அந்த ஆலை தைத்த துணிகள் எச்&எம் போன்ற உலகப் பிராண்டுகளின் கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பெண் உறுப்பினராக இருந்த சங்கம், தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம். பெண்கள் நடத்தும் சங்கம் அது. அதன் உறுப்பினர்களில் தலித் பெண்கள் மிகுதி. தலைவர் திவ்ய ராகினி.

சங்கம் நீதி கேட்டது. குற்றவாளிக்குத் தண்டனை என்பதோடு நிற்காமல், இன்னொரு பெண்ணுக்கு இது நடக்காதபடி ஆலைக்குள் என்ன மாற வேண்டும் என்றும் கேட்டது. ஆசிய அடிப்படைக் கூலிக் கூட்டணியும் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு தொழிலாளர் உரிமை அமைப்பும் உடன் நின்றன. ஓராண்டுக்கும் மேலான போராட்டத்துக்குப் பிறகு, 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தானது. சங்கமும் உடன் நின்ற அமைப்புகளும் ஒருபுறம்; ஈஸ்ட்மேன் நிறுவனமும், எச்&எம், பின்னர் கேப், பி.வி.எச். ஆகிய பிராண்டுகளும் மறுபுறம். பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கப் பிராண்டுகளையும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஆசியாவில் அதுவே முதல். ஆப்பிரிக்காவின் லெசோதோ நாட்டில் ஜீன்ஸ் தைக்கும் ஆலைகளுக்காக 2019இல் வந்த ஒப்பந்தம் அதற்கு முன்னோடி. திண்டுக்கல்லில் சாதிப் பாகுபாட்டையும் சேர்த்து எழுதினார்கள்.

இந்த ஒப்பந்தத்தின் உயிர்நாடி ஓர் எளிய ஏற்பாடு. தையல் வரிசைகளில் வேலை செய்யும் பெண்களிலிருந்தே சங்கம் கண்காணிப்பாளர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தது. பக்கத்து மெஷினில் இருப்பவள் மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கினால், அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு நிர்வாகத்திடம் எடுத்துப் போவது இவர்கள் பொறுப்பு. புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது. நிர்வாகம் விதியை மீறினால் பிராண்டு அந்த ஆலையின் வியாபாரத்தில் கை வைக்கும். இந்தக் கடைசி விதிதான் பேச்சுக்குப் பல் கொடுத்தது.

முதல் ஆண்டில் 185 குறைகள் எழுப்பப்பட்டன, 182 தீர்க்கப்பட்டன. அதுவரை முதலாளியின் குரலாக மேற்பார்வையாளர் ஒருவர்தான் வரிசையின் மேல் நின்றார். இப்போது வரிசைக்குள்ளிருந்து அவரைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வந்தது. மெஷினை விட்டு எழாமலே ஒரு தையல்காரப் பெண் தலைவியாக இருக்க முடியும் என்பதை இந்த ஏற்பாடு காட்டியது.

முதலாளியே இல்லாதவர்களின் சங்கம்

துணித் தொழிலில் இந்தப் பாதை புதிதல்ல. அகமதாபாத்தில் 1918இல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்னின்றவர் அனசூயா சாராபாய். எதிரே ஆலை முதலாளிகளின் பக்கம் இருந்தவர் அவருடைய சொந்தத் தம்பி அம்பாலால். தொழிலாளர்கள் 35 சதவீத உயர்வு பெற்றார்கள். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1920இல் அகமதாபாத் ஜவுளித் தொழிலாளர் சங்கம் உருவானது. பெண் ஒருவர் தொடங்கிவைத்த அந்தச் சங்கம் காலப்போக்கில் ஆண்களின் சங்கமாயிற்று. ஆலைக்குள் பெண்கள் குறைந்தார்கள். தலைச்சுமை தூக்குவது, பழந்துணி விற்பது, வீட்டிலிருந்து தைப்பது என்று வெளியே சிதறினார்கள்.

அந்தச் சங்கத்தின் மகளிர் பிரிவுக்கு 1968இல் பொறுப்பேற்ற வழக்கறிஞர் இளா பட், சிதறிய பெண்களைத் தேடிப் போனார். 1972இல் ‘சேவா’ என்ற சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது அதிகாரிகள் தயங்கினார்கள். இந்தப் பெண்களுக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை, யாரை எதிர்த்துச் சங்கம் என்று கேள்வி. தொழிலாளர்கள் ஒன்றுசேர்வதற்காகத்தான் சங்கம், எதிர்ப்பதற்கு ஆள் இருந்துதான் தீரவேண்டும் என்பதில்லை என்று இளா பட் வாதாடிப் பதிவு பெற்றார். 1974இல் நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் தங்களுக்கென ஒரு வங்கியைத் தொடங்கினார்கள். 1981இல் இடஒதுக்கீட்டு எதிர்ப்புக் கலவரத்தில் தலித்துகள் பக்கம் பேசியதற்காகத் தாய்ச்சங்கம் அவர்களை வெளியேற்றியது. சேவா அதனால் சுருங்கவில்லை. இன்று இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் சங்கம் அது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களும் தொழிலாளர்களே என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் உடன்படிக்கை கொண்டுவந்ததில் சேவாவுக்குப் பெரும் பங்கு உண்டு.

பள்ளிபாளையத்தில் வீட்டுத் திண்ணையில் தார் சுற்றுகிற பெண்ணுக்கு இந்த வரலாறு தொலைவில் இல்லை. கூலி கொடுப்பவர் யார், முதலாளி யார் என்று விரல் நீட்டிச் சொல்ல முடியாத வேலைதான் அவருடையதும்.

உட்காரும் உரிமை

அதிகாரம் என்றதும் பெரிய விஷயங்களே மனதுக்கு வரும். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த விஜி கேட்டது கழிப்பறை. கடைகளில் வேலை செய்யும் பெண்கள் சிறுநீர் கழிக்க இடமில்லாமல் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே இருந்தார்கள். அவர்களைச் சேர்த்து ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பை அவர் தொடங்கினார். கழிப்பறையில் தொடங்கிய கோரிக்கை நாற்காலிக்கு வந்தது. ஜவுளிக்கடை விற்பனைப் பெண்கள் பத்து, பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே இருக்க வேண்டும்; வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில்கூட உட்காரக் கூடாது. கால் நரம்பு சுருண்டு வலியால் அவதிப்பட்டவர்கள் ஏராளம். பெண்களின் தொடர் போராட்டத்துக்குப் பிறகு 2018இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியது.

தமிழ்நாடு 2021 செப்டம்பரில் இதே திருத்தத்தைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றியது. ஈரோட்டிலோ சேலத்திலோ ஜவுளிக்கடைக்குப் போகிறவர்கள், புடவை விரித்துக் காட்டும் பெண்ணுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று பார்க்கலாம். இருந்தால், கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் பெண்களுக்கு அதில் பங்குண்டு. ஆண் ஊழியர்களுக்கும் சேர்த்தே அந்த இருக்கை கிடைத்தது என்பதை மறக்கக் கூடாது. பெண்கள் கேட்டு வாங்கிய விதிகள் பெரும்பாலும் எல்லோருக்கும் பயன்பட்டிருக்கின்றன.

கையெழுத்து அவளுடையது, முடிவு யாருடையது?

பள்ளிபாளையம் பகுதியில் அதிகாரத்தைப் பற்றிப் பேசினால் கடனைப் பற்றிப் பேசாமல் முடியாது. பட்டறையில் வாங்கிய முன்பணம் குடும்பத்தையே அந்தத் தறியோடு கட்டிப்போடுகிறது. போதாததற்கு வாரத் தவணைக் கடன், மைக்ரோ ஃபைனான்ஸ் கடன். மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்கள் பெண்களைக் குழுவாகச் சேர்த்தே கடன் கொடுக்கின்றன. கட்ட முடியாவிட்டால் வாசலில் வந்து நிற்பதும் அந்தப் பெண்ணைத் தேடித்தான். கடன் நெருக்கடியில் இந்தப் பகுதி விசைத்தறித் தொழிலாளர்கள் சிறுநீரகம் விற்ற கொடுமை 2025இல் வெளிவந்து தமிழ்நாட்டையே உலுக்கியது.

பெண்கள் குழுவாகச் சேருவதே தவறு என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்டக் கூடாது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தருமபுரி மாவட்டத்தில்தான் அரசுத் திட்டமாகத் தொடங்கின. மதுரை அழகர்கோவில் அருகே பில்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளையின் வாழ்க்கை, குழு என்றால் என்னவாக இருக்க முடியும் என்பதைக் காட்டுகிறது. பள்ளிக்கூடம் போகாதவர். வயல் வேலைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போகும் கொத்துக்குத் தலைவி. கூலி பேசுவதும், வாங்கியதைச் சரியாகப் பங்கிடுவதும், வயதானவர்களையும் சேர்த்து வேலைக்கு அழைத்துப் போவதும் அவருக்குக் கைவந்த கலை. பெண்களின் சேமிப்புக் குழுக்களை அமைக்கும் களஞ்சியம் இயக்கம் வந்தபோது அந்தத் திறமையே சேமிப்புக் குழுவுக்கும் அடித்தளம் ஆயிற்று. பெண்கள் தாங்களே பணம் சேர்த்து, தாங்களே வட்டி தீர்மானித்து, கந்துவட்டியிலிருந்து மீண்டார்கள். அவருக்கு ஸ்த்ரீ சக்தி விருது வழங்கிய மேடையில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ வந்தது.

கடன் கொடுப்பவன் சேர்க்கும் குழுவுக்கும், பெண்கள் தாங்களாகச் சேரும் குழுவுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: வட்டியை யார் தீர்மானிக்கிறார்கள், தவணையை யார் தள்ளிவைக்க முடியும், கணக்கு நோட்டு யார் கையில் இருக்கிறது. இந்த மூன்றுக்கும் பதில் ‘நாங்கள்’ என்று வந்தால்தான் அங்கே அதிகாரம் இருக்கிறது.

பட்டறைக்கும் சட்டம் உண்டு

ராஜஸ்தானில் 1992இல் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன அரசு ஊழியர் பன்வாரி தேவிக்கு இழைக்கப்பட்ட கொடுமைதான், பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான விசாகா தீர்ப்புக்கு 1997இல் வழிவகுத்தது. அது 2013இல் நாடு முழுமைக்குமான சட்டமானது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் குறைந்தது பாதிப்பேர் பெண்கள். வெளியாள் ஒருவரும் வேண்டும். அமைக்காத நிர்வாகத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். வெப்படை நூற்பாலைகளுக்கும் இது பொருந்தும்.

நாலு தறி, எட்டுத் தறிப் பட்டறைகளில் பத்துப் பேர் இருக்க மாட்டார்கள். அங்கே வேலை செய்யும் பெண்கள் சட்டத்துக்கு வெளியே இல்லை. அவர்களுக்காகவே மாவட்டம்தோறும் உள்ளூர்ப் புகார்க் குழு அமைக்கச் சட்டம் சொல்கிறது. புகார் உரிமையாளர் மீதே இருந்தாலும் அங்கே போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும்; தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்க உதவுவதும் குழுவின் கடமை.

சட்டம் தாளில் இருந்தால் போதாது என்பதைத் திண்டுக்கல் காட்டிவிட்டது. அதைக் கையில் எடுக்கப் பட்டறைக்கு ஒரு பெண்ணாவது பயிற்சி பெற்றிருக்க வேண்டும். பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களுக்குச் சங்கங்கள் இருக்கின்றன, உரிமையாளர்களுக்குச் சங்கங்கள் இருக்கின்றன, மகளிர் குழுக்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அடுத்த கூலி உயர்வுப் பேச்சுவார்த்தைக்குப் போகும் தொழிலாளர் தரப்பில் பாதிப்பேர் தறி ஓட்டும், தார் சுற்றும் பெண்களாக இருக்கட்டும். தார்க் கூலியும், பட்டறைக் கழிப்பறையும், இரவு ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பும் பாதுகாப்பும் கோரிக்கைப் பட்டியலில் எழுத்தில் ஏறட்டும். இதற்கு அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டாலே போதும்.